இனி வருபவர்களுக்கு மட்டும்

1

எங்கள் கட்டட வாசலில் இன்றோடு ஒன்பது நாளாகக் குப்பை எடுக்கவில்லை. பாரீசுக்குப் பக்கத்து ஊர் என்று சொன்னால் காரைக்காலில் இருப்பவர்கள் பளிங்குத் தரையை நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது வந்து பார்க்க வேண்டும். மூட்டை மேல் மூட்டை ஏறி, கீழ்வீட்டு ஜன்னல் மறைந்துவிட்டது. குளிர்காலம் என்பதால் நாற்றம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்கிறது, அவ்வளவுதான்.

வேலை நிறுத்தம். இங்கே அதை ‘கிரேவ்’ என்பார்கள். நகராட்சி அலுவலகத்துக்கு மேரி என்று பெயர். மேரியின் குப்பை வண்டிக்காரர்கள் வண்டிகளைக் கொட்டகையிலேயே நிறுத்திவிட்டு, வாசலில் நெருப்பு மூட்டிக் குளிர் காய்கிறார்கள்.

நான் அந்த வண்டியின் பின்படியில் இருபத்தைந்து வருடம் தொங்கிக்கொண்டு போனவன். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இருந்தும் கட்டடத்தில் எல்லோரும் என்னிடம்தான் கணக்குக் கேட்கிறார்கள். நேற்று மூன்றாம் மாடி அம்மாள் படியில் மறித்தாள். அவள் பிரெஞ்சில் கேட்டது நம் பேச்சில் இப்படி வரும்:

“உங்க ஆளுங்க எப்பதான் வருவாங்க பெரியவரே?”

“அவுங்களுக்கே தெரியாதும்மா.”

“நீங்க வேலை பார்த்தப்ப இப்புடியெல்லாம் கெடையாதே!”

உண்டு. அப்போது அவள் வேறு ஊரில் குடியிருந்தாள். நான் ரொட்டி வாங்கப் போய்விட்டேன்.

எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல என் மனைவி அஞ்சலை எழுதுகிறாள். அவள் காரைக்காலில் எட்டாவது வரை படித்தவள். “எனக்குப் புடிக்காத எடம் வந்துச்சுன்னா பேனாவை வச்சுடுவேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். அவளுக்குப் பிடிக்காத இடம் ஒன்று வரத்தான் போகிறது.

இப்போது இதைச் சொல்லக் காரணம் குப்பை மட்டும் இல்லை. செவ்வாய்க்கிழமை ஊரிலிருந்து அஞ்சலையின் தம்பி கலியபெருமாள் போன் செய்தான். ஏறக்குறைய இரண்டு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த அவனுடைய வேலை விவகாரத்தில் தீர்ப்பு வந்துவிட்டது. அந்த விவகாரத்தில் நானும் மூக்கை நுழைத்திருந்தேன்.

2

எங்கள் ஊர் கருக்களாச்சேரி. கடல் தொழில் பார்க்கும் குடும்பங்கள். கலியபெருமாளும் சின்ன வயதில் கடலுக்குப் போனவன்தான். ஆனால் படகு கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போவதற்குள் வாந்தி எடுக்க ஆரம்பித்துவிடுவான். எத்தனை நாள் போனாலும் அது நிற்கவில்லை. கடைசியில் என் மாமனாரே, “நீ கரையில ஏதாவது பாருடா” என்று விட்டுவிட்டார்.

கொஞ்ச காலம் ஐஸ் உடைத்தான், கொஞ்ச காலம் சைக்கிளில் மீன் கொண்டுபோனான். அப்புறம் பக்கத்துக் கொம்யூன் பஞ்சாயத்தில் தண்ணீர் மோட்டார் போடும் வேலை கிடைத்தது. ஊராட்சிக்கு அங்கே இன்னும் கொம்யூன் என்ற பிரெஞ்சுப் பெயர்தான். விடியற்காலையில் போய் மோட்டாரைப் போட வேண்டும், மேல்நிலைத் தொட்டி நிறைந்ததும் தெருத் தெருவாக வால்வைத் திறந்துவிட வேண்டும். தினக்கூலி. “ஆறு மாசத்துல நிரந்தரம் ஆக்கிடுவோம்” என்றார்கள். அந்த ஆறு மாதம், நான் சொல்லும் சமயத்தில், பத்தொன்பது வருடம் ஆகியும் முடியவில்லை.

அவனோடு மொத்தம் பன்னிரண்டு பேர். எல்லோரும் தினக்கூலி. நிரந்தரம் ஆனவனுக்குக் காய்ச்சல் வந்தால் விடுப்பு, வயதானால் ஓய்வூதியம். ஆகாதவனுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு அவன் பிறக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான். அறுபது வயது முடிந்துவிட்டால் பிறகு யாரையும் நிரந்தரம் ஆக்க முடியாது. நான் ஊருக்குப் போயிருந்த தை மாதத்தில் கலியபெருமாளுக்கு அறுபதாக இன்னும் ஒன்றரை வருடம்தான் இருந்தது.

நாங்கள் குளிருக்குப் பயந்து மூன்று மாதம் ஊரில் போய் இருப்பது வழக்கம். எனக்கு அங்கே வேலை இல்லை. மோட்டார் கொட்டகை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீ குடிப்பேன். பன்னிரண்டு பேரும் நான் சொல்வதைக் காதில் வாங்குவார்கள். பிரான்சில் யூனியன் ஆளாக மேரியில் உட்கார்ந்து பேசியவன் என்பதால் எனக்கு அப்படி ஒரு மதிப்பு.

“அத்தான், அங்கல்லாம் ஸ்ட்ரைக்கு எப்புடி பண்ணுவீங்க?” என்று கலியபெருமாள் கேட்டான்.

“நெனச்சா பண்ணிட முடியாதுடா. அஞ்சு நாளு முன்னாடி எழுதிக் குடுக்கணும். என்னைக்கு, எத்தனை மணிக்கு ஆரம்பம், எத்தனை மணிக்கு முடிவு, எல்லாம் போடணும்.”

“முன்னாடியே சொல்லிப்புட்டா அவுங்க உஷாராயிட மாட்டாங்களா?” என்றான் இருந்ததில் சின்ன ஆளான ஒருவன்.

“உஷாராவட்டும்னுதான் சொல்றதே. பயந்துபோயி பேச்சுவார்த்தைக்குக் கூப்புடுவாங்க.”

இங்கே அப்படித்தான் நடக்கும். அங்கேயும் நடக்கும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி முதல் சனிக்கிழமை காலை ஆறு மணி வரை தண்ணீர் இல்லை என்று எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். பொதுமக்களுக்கும் தெரிவிப்பதுதான் முறை என்று நான் சொன்னேன். தெருக்குழாய்ப் பக்கமெல்லாம் ஒட்டினார்கள்.

வியாழக்கிழமை நடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். குடம், அண்டா, தவலை, சிமெண்டுத் தொட்டி எதையும் விடாமல் பிடித்தார்கள். மீன் வைக்கும் ஐஸ் பெட்டியைக் கழுவி அதிலும் பிடித்தார்கள். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் பிடித்ததில் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அந்தத் தெருப் பெண்கள் கொட்டகைக்கே வந்துவிட்டார்கள். கலியபெருமாள் மோட்டாரை மறுபடியும் போட்டான்.

“என்னடா பண்றே? நாளைக்கு ஸ்ட்ரைக்குடா!” என்றேன்.

“அதனாலதான் அத்தான். நாளைக்குத் தண்ணி கெடையாதுல்ல, பாவம்.”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டு சாயங்காலம் வரை ஓட்டினார்கள். மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தது. பத்தொன்பது வருடத்தில் அந்தக் கொம்யூனுக்கு அவ்வளவு தண்ணீர் விட்டது வேலை நிறுத்தத்துக்கு முதல் நாள்தான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் கொட்டகை வாசலில் துண்டை விரித்து உட்கார்ந்தோம், என்னைச் சேர்த்தால் பதின்மூன்று. குழாயடிக்கு ஓர் ஆள் வரவில்லை. மதியம் ஒரு பெண் வழியோடு போகும்போது நின்றாள். நாங்கள் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

“கலியன் மாமா, மாசத்துல ரெண்டு தடவை இந்த மாதிரி ஸ்ட்ரைக்கு பண்ணுங்களேன். நேத்து தண்ணி எம்புட்டு வேகமா வந்துச்சு!”

அஞ்சலை இதை எழுதும்போது சிரிக்கிறாள். அன்றைக்கும் சிரித்தாள். அவள் தம்பி வீட்டிலேயே மூன்று டிரம் பிடித்து வைத்திருந்தார்கள்.

3

இருந்தாலும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள். ஏன் என்றால் ஒரு காகிதம் போய்ச் சேர்ந்துவிட்டது. காகிதம் போனால் அதற்கு ஒரு பதில் காகிதம் வந்தாக வேண்டும். இதில் மட்டும் காரைக்காலுக்கும் பிரான்சுக்கும் வித்தியாசமே இல்லை.

தொழிலாளர் துறையின் சமரச அதிகாரி அமைதியான மனிதர். மேசைக்கு ஒரு பக்கம் கொம்யூன் தரப்பில் வந்த ஒருவர், மறுபக்கம் கலியபெருமாள். நான் ‘ஆலோசகர்’ என்று சொல்லிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதிகாரி நோட்டீசை இரண்டு தடவை படித்தார்.

“அஞ்சு நாள் நோட்டீஸ்னு போட்டுருக்கீங்க. தண்ணி சப்ளைக்குப் பதினாலு நாளுல்ல குடுக்கணும்? இந்த அஞ்சு நாளு எந்தச் சட்டத்துல இருக்கு?”

கலியபெருமாள் என்னைப் பார்த்தான்.

“பிரான்சு சட்டத்துலங்க,” என்றேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “அவுங்க காரைக்காலை விட்டுப்போயி அம்பது வருஷத்துக்கு மேல ஆவுதுங்களே பெரியவரே.”

“ஆமாங்க. நானும் அவுங்க பின்னாடியே போயிட்டேங்க.”

அவர் சிரித்துவிட்டார். அதனால் நல்லதுதான் நடந்தது. சட்டம் மீறினார்கள் என்று யாரும் எழுதவில்லை. “ஸ்ட்ரைக்குன்னு சொல்ற அளவுக்கு அங்க ஒண்ணும் நடக்கல சார்” என்று கொம்யூன் தரப்பு ஆளே சொல்லிவிட்டார். பிறகு அவர் ஒரு காகிதத்தை எடுத்தார். ஏழு இடம் இருக்கிறது. சேர்ந்த வரிசைப்படி முதல் ஏழு பேரை இப்போதே நிரந்தரம் ஆக்கலாம். வரிசையில் முதல் ஆள் கலியபெருமாள்.

“மத்த அஞ்சு பேரு?” என்று கலியபெருமாள் கேட்டான்.

“இனிமே ஆள் எடுக்கிறதெல்லாம் கான்ட்ராக்ட்தான். அவுங்களையும் அதுல சேத்துக்குவோம்.”

யோசித்துச் சொல்கிறோம் என்று வெளியே வந்தோம். மற்ற பதினோரு பேரும் ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்தில் நின்றார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்த ஏழில் வரும் ஆறு பேர் கலியபெருமாளையே பார்த்தார்கள். மீதி ஐந்து பேர் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றுகொண்டார்கள். யாரும் போகச் சொல்லவில்லை, அவர்களாகவே போனார்கள்.

நான் கலியபெருமாளைத் தனியாகக் கூப்பிட்டேன். “போட்டுடுடா கையெழுத்தை. குடுக்கிறதை மொதல்ல வாங்கிக்கணும். மிச்சத்தை அப்பறம் கேக்கலாம். அங்கயும் இப்புடித்தான்.”

“அத்தான், நான் கடலுக்குப் போனப்ப என்ன செஞ்சேன்?”

“வாந்தி எடுத்தே.”

“ஆமா. வலையைத் தொட்டதே கெடையாது. குப்புறக் கெடந்தேன். ஆனா கரைக்கு வந்தா எனக்கும் ஒரு பங்கு வச்சுதான் பிரிச்சாங்க. படகுல வந்தியா, அப்ப இந்தா. யாராவது ஒரு நாளு கேட்டாங்களா, நீ எத்தினி வருஷமா வர்றேன்னு?”

“இது படகு இல்லடா. கவர்மெண்டு.”

“கொட்டாய் ஒண்ணுதானே அத்தான்.”

தள்ளி நின்ற ஐந்து பேரில் சின்னவன் அருகே வந்தான். “அண்ணே, நீங்க போட்டுடுங்கண்ணே. எங்களுக்கு இன்னும் வயசு கெடக்கு. ஒங்களுக்குத்தான் நாளு இல்ல.”

“பெரிய நியாயஸ்தன் வந்துட்டான்! சாயங்காலம் மேலத் தெருவுக்கு ஒன்னோட முறைதானே, போயி வால்வைத் தொறக்கிற வழியைப் பாருடா,” என்று கலியபெருமாள் அவனை விரட்டினான்.

உள்ளே போய், பன்னிரண்டு பேருக்கும் இல்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிட்டான். அதிகாரி கண்ணாடியை மறுபடியும் மாட்டிக்கொண்டார். பிறகு, இரண்டு தரப்பும் சம்மதித்தால் ஒரு நடுவரிடம் விடலாம், அவர் சொல்வது இரண்டு பேரையும் கட்டும், கோர்ட்டுக்குப் போவதைவிடச் சீக்கிரம் முடியும் என்றார்.

“எம்புட்டு சீக்கிரங்க?”

“ஒரு ஆறு மாசம் ஆவும்.”

ஆறு மாதம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரிக்கு ஏன் என்று புரியவில்லை. சிரித்துக்கொண்டே அதில் கையெழுத்துப் போட்டான்.

4

அஞ்சலை இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இதுதான் அவளுக்குப் பிடிக்காத இடம் என்று நான் இன்னும் சொல்லவே இல்லை. முப்பத்தைந்து வருடம் கூட இருந்தவளுக்குத் தெரிகிறது.

“அதை எதுக்கு இப்ப சொல்லணும்? யாரு கேட்டா?”

“யாரும் கேக்கல. அதான்.”

எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் குப்பை மூட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகு எழுத உட்கார்ந்தாள்.

எங்கள் குப்பை வண்டி வேலையில் ஒரு பழக்கம் உண்டு. முடித்தால் கிளம்பலாம். ஒரு வண்டிக்கு இத்தனை தெரு என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். அதை எவ்வளவு வேகமாக முடிக்கிறோமோ முடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், மணிக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். அதனால் நாங்கள் ஓடுவோம். பனியிலும் ஓடுவோம். நான் இரண்டு தடவை முட்டியை உடைத்துக்கொண்டதும் அந்த ஓட்டத்தில்தான். ஆனால் பத்து மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பேன். என் மகள் ரேணுகாவை மதியம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்துவந்து சோறு போட்டது நான். தகப்பன் வந்து கூட்டிப்போகும் பிள்ளை அவள் வகுப்பில் அவள் ஒருத்திதான்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருடம் முன்னால் மேரியில் புதுச் சட்டதிட்டம் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். தொழிலாளர் பக்கம் மூன்று பேர், அதில் நானும் ஒருவன். யாரோடும் சண்டை போடாதவன் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். முடித்தால் கிளம்பலாம் என்பதை எடுத்துவிடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ரத்தம் கொதிக்கத்தான் போனோம். அவர்கள் காப்பி கொடுத்துவிட்டு ஒரு தாளைப் படித்துக் காட்டி நீட்டினார்கள். இப்போது வேலையில் இருக்கும் யாருக்கும் எந்த மாற்றமும் இல்லை, புதிய முறை இனி வருபவர்களுக்கு மட்டும்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காப்பி ஆறுவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. கொட்டகைக்குத் திரும்பியதும் எங்களைத் தோளில் தூக்காத குறை. யாருக்கும் ஒன்றும் போகவில்லை அல்லவா? இனி வருபவர்களில் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. சிலர் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இல்லாதவனின் பங்கை விட்டுக்கொடுப்பதைப் போலச் சுலபமான வேலை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

பிறகு என்ன ஆயிற்று என்றால், ஒரே வண்டியில் இரண்டு ஜாதி ஆட்கள். ஒரே தெருவில் ஒரே மாதிரி ஓடி முடிப்பார்கள். பழைய ஆள் பத்து மணிக்கு வீட்டுக்குப் போவான். புது ஆள் கொட்டகைக்குத் திரும்பி மதியம் வரை இலை கூட்டுவான். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுப் போனார்கள், இப்போது புது ஆட்களே அதிகம். அவர்கள்தான் அந்தப் பழைய முறையைத் தங்களுக்கும் கேட்டு ஒன்பது நாளாக வண்டியை நிறுத்தியிருக்கிறார்கள்.

ரேணுகா பக்கத்து ஊர் மேரியில் வேலை பார்க்கிறாள். ஆட்களை எடுப்பது, வேலை நேரம் போடுவது எல்லாம் அவள் பிரிவில்தான். அங்கே அவளை ‘ரெனே’ என்று கூப்பிடுகிறார்கள். இந்த ஒப்பந்தம் சரியா தப்பா என்று போனில் கேட்டேன். அவள் தமிழ் பேசும்போது என்னை நீ என்றுதான் சொல்வாள். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு அது மரியாதைக் குறைவாகத் தெரியாது. அஞ்சலைக்குத் தெரியும்.

“அப்பா, நீ கவலைப்படாதே. சட்டப்படி கரெக்ட். பழைய ஆளுங்களுக்கு அது இருந்துச்சு. புது ஆளுங்களுக்கு அது இருந்ததே இல்ல. இல்லாததை எப்படி எடுக்க முடியும்?”

“ஒங்க ஆபீசுலயும் இப்புடித்தான் போடுவீங்களா?”

“அதான் ஈசி, அப்பா. யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க.”

பள்ளிக்கூட வாசலில் தகப்பன் காத்திருந்து வளர்ந்த பிள்ளை. ஏன் காத்திருக்க முடிந்தது என்பதை நான் அவளுக்குச் சொன்னதில்லை.

5

நடுவர் விவகாரத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் என்றது இருபத்திரண்டு மாதம் ஆயிற்று. யார் மேலும் பெரிய குற்றம் சொல்ல முடியாது. ஒரு தடவை நடுவருக்கு உடம்பு சரியில்லை. ஒரு தடவை மழையில் பாதை அடைபட்டது. ஒரு தடவை கொம்யூன் பக்கத்து வக்கீல் தேதி கேட்டார், அடுத்த தடவை இவர்கள் பக்கத்து வக்கீல் தேதி கேட்டார். இதற்கு நடுவில் கலியபெருமாளுக்கு அறுபது முடிந்துவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் அவன் பிறந்திருந்தால், அந்தக் காலத்து மனிதர்களில் பாதிப் பேரைப் போல அவனும் புயல் வருடம், பஞ்ச வருடம் என்று ஏதோ சொல்லி இரண்டு வயதைக் குறைத்திருப்பான். காரைக்காலில் அது நடக்காது. வெள்ளைக்காரன் ஆட்சியில் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே மேரிக்குத் தூக்கிப்போய் ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். அப்பன் பெயர், ஆத்தாள் பெயர், காலையா மாலையா, எத்தனை மணி, சாட்சி இரண்டு பேர், எல்லாம் அதில் இருக்கும். இருபத்து நாலு வயதில் அந்த மாதிரி ஒரு பக்கத்தின் நகலைக் காட்டித்தான் நான் பிரெஞ்சுக்காரன் ஆனேன், பட்டாளத்தில் சேர்ந்தேன், இந்த ஊர் வந்து சேர்ந்தேன். என்னை நிரந்தரம் ஆக்கிய அதே புத்தகம்தான் கலியபெருமாளுக்கு அறுபது முடிந்த நாளையும் மணியையும் சொல்லிவிட்டது.

செவ்வாய்க்கிழமை போனில் அவன் குரல் கல்யாண வீட்டில் பேசுகிற மாதிரி இருந்தது.

“அத்தான், வந்துருச்சு அத்தான்! எல்லாருக்கும் நிரந்தரம். கான்ட்ராக்ட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. தீர்ப்பு தேதியிலேருந்து கணக்கு.”

“பன்னெண்டு பேருக்குமா?”

“பதினோரு பேருக்கு.”

“பன்னெண்டாவது ஆளு?” என்றேன்.

“எனக்குத்தான் நாலு மாசம் தாண்டிப்போச்சுல்ல. வக்கீலு ஏதோ பாக்கலாம்னாரு. அது கெடக்கட்டும். அந்தச் சின்னப்பய இல்ல, அன்னைக்கு எங்கிட்ட வந்து சொன்னானே, அவன் அழுவுறான் அத்தான். டீக்கடையில வச்சு அழுவுறான். எனக்கு மானம் போவுது.”

“நீ இப்ப என்னடா செய்யப்போறே?”

“பசங்களுக்கு இனிமே முறை வச்சு எட்டு மணி நேரந்தான். விடியக்காலம் வால்வு தொறக்க ஆளு பத்தாது. என்னையே வந்து தொறங்கன்னு கூப்புட்டுருக்காங்க.”

“எப்புடி?”

“தினக்கூலிதான்,” என்று சொல்லி அவன் சிரித்த சிரிப்பு இங்கே அஞ்சலைக்கும் கேட்டது.

போனை வாங்கி அவளும் பேசினாள். முதலில் அழுதாள், அப்புறம் திட்டினாள், அப்புறம் மழையா என்று விசாரித்தாள். வைத்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கே நீங்க அதட்டி அவனைக் கையெழுத்துப் போட வச்சிருக்கணும்.”

“சொன்னேனே. கேக்கலியே.”

“எனக்குத் தெரியாதா, நீங்க எதுக்கு அம்புட்டு தூரம் சொன்னீங்கன்னு? அவனும் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தா ஒங்களுக்குத் துணையா இருந்துருக்கும்.”

இதை அப்படியே எழுது என்று நான்தான் சொன்னேன்.

6

இன்று காலை நடந்ததை அஞ்சலைக்கு இன்னும் சொல்லவில்லை. எழுதும்போதே தெரிந்துகொள்ளட்டும்.

ரொட்டி வாங்கப் போனவன், திரும்பும் வழியில் வண்டிக் கொட்டகைப் பக்கம் போனேன். வாசலில் பீப்பாயில் நெருப்பு எரிந்தது. பத்துப் பதினைந்து பேர், பெரும்பாலும் எனக்குத் தெரியாத முகங்கள். மமாது என்ற ஒரு பையனை மட்டும் தெரியும். மாலி நாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறந்தவன். எங்கள் தெருவுக்கு அவன் வண்டிதான் வரும். என் முட்டியைப் பார்த்தே நானும் பழைய வண்டிக்காரன் என்று ஒரு நாள் கண்டுபிடித்தவன்.

“வாங்க பெரியவரே. குப்பையைப் பத்தித் திட்ட வந்தீங்களா?”

“இல்ல தம்பி. குளிரு காய வந்தேன்.”

இடம் விட்டார்கள். ஒருவன் ரொட்டிக்கு நடுவில் சுட்ட இறைச்சியை வைத்துக் கொடுத்தான். பேச்சுவார்த்தை எப்படிப் போகிறது என்று கேட்டேன். நேற்று கூப்பிட்டிருந்தார்களாம். இப்போது இருக்கும் எல்லோருக்கும் பழைய முறையையே கொடுத்துவிடுகிறோம், அடுத்த வருடத்திலிருந்து சேருபவர்கள் மட்டும் முழு நேரம் இருக்கட்டும் என்றார்களாம்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இன்னைக்கு ஓட்டு. பாதிப் பேரு சரிங்கிறாங்க. ஒம்போது நாளாச்சே, எல்லாருக்கும் வீடு இருக்கு.” அவன் நெருப்பைக் கிளறினான். “எனக்குத்தான் மனசு வரல. எங்களுக்கு இதைச் செஞ்சவனுங்களை இத்தனை வருஷமா திட்டிக்கிட்டு இருக்கேன். இந்தாங்க, பாருங்க.”

கொட்டகைக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பழைய ஒப்பந்தத்தின் நகல். ஒரு வரிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருந்தார்கள். ‘இனி வருபவர்களுக்கு மட்டும்’ என்று மமாது அதைப் படித்துக் காட்டினான். நகல் எடுத்ததில் அடி ஓரம் வெட்டுப்பட்டு, பெயர்கள் இல்லாமல் கையெழுத்துகள் மட்டும் தெரிந்தன.

“மூணு பேரு,” என்றான் மமாது. “மொத ஆளு செத்துட்டாரு. ரெண்டாவது ஆளு ஸ்பெயின் பக்கம் வீடு வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு. மூணாவதுதான் யாருன்னு தெரியல. பாருங்க, புழு ஊருன மாதிரி. பேரு தெரிஞ்சிடக் கூடாதுன்னு கிறுக்கி வச்சிருக்கான்.”

எனக்கு எழுதத் தெரிந்தது அந்த ஒன்றுதான். பட்டாளத்தில் புதுச்சேரிக்காரன் ஒருவன் ஒரு மாதம் கையைப் பிடித்துப் பழக்கிவிட்டான். எந்த நாட்டுக் காகிதமானாலும் அதையேதான் போட்டுவருகிறேன்.

நான் ரொட்டியைக் கீழே வைத்தேன். “கிறுக்கல் இல்ல தம்பி. அது தமிழு.”

“ஒங்களுக்குப் படிக்க வருமா?”

“இது ஒண்ணு மட்டும் வரும்.”

நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் கதவுப் பக்கம் திரும்பினார்கள். மமாது அந்தக் காகிதத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

“படிங்க,” என்றான்.

“வைரக்கண்ணு,” என்று படித்தேன். “நான்தான்.”